ஒரு ஆம்ப், பல ஸ்பீக்கர்: வாட்ஸ், ஓம்ஸ், சத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன அறையில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் வேலை. மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் பக்கத்திலிருந்தெல்லாம் செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்: சத்தம் பத்தவில்லை, அல்லது இன்னும் நாலு ஸ்பீக்கர் சேர்த்து மாட்ட வேண்டும். இரண்டுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

100 வாட்ஸ் ஆம்பை மாற்றி 200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?

ஆகாது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் "கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லலாம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அதாவது 100 வாட்ஸ் செட்டைப் போல இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் 1000 வாட்ஸ்.

இதைக் கேட்டவுடன் மனசு தளர வேண்டாம், மறுபக்கமும் இருக்கிறது. வீட்டில் பாட்டுக் கேட்க எவ்வளவு வாட்ஸ் செலவாகிறது என்று பார்க்க, வருகிறவர்களிடம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் பிடிப்பேன். "வீட்டில் வைக்கிற அளவுக்கு வையுங்கள்" என்று வால்யூமை அவர்கள் கையிலேயே விட்டுவிடுவேன். முள் பாட்டோடு சேர்ந்து ஆடும், தோராயக் கணக்குத்தான். ஆனாலும் பெரும்பாலும் ஒன்றரை வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். 8 ஓம்ஸ் (கரண்டுக்கு ஸ்பீக்கர் தரும் தடையின் அளவு) ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட் என்றால் 0.28 வாட்ஸ். கால் வாட்ஸ்! 100 வாட்ஸ் பத்தவில்லை என்று வந்தவர் கால் வாட்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மிச்சமுள்ளதெல்லாம் மேளத்தின் ஒரு அடி, தபலாவின் ஒரு குமுக்கு போன்ற திடீர் ஏற்றங்களுக்காக வைத்திருக்கும் கையிருப்பு. அந்தக் கையிருப்பு தேவைதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் சத்தத்தைத் தீர்மானிப்பது எது?

மூன்று விஷயம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதிலிருந்து நீங்கள் இருக்கும் தூரம், அப்புறம்தான் வாட்ஸ்.

சென்சிட்டிவிட்டி என்பது, ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. வீட்டில் வைக்கும் சின்ன பாக்ஸ் 84 முதல் 88 வரை இருக்கும். பெரிய ஊஃபர் (பாஸ் தரும் ஸ்பீக்கர்) வைத்த பாக்ஸ் 90-ஐத் தாண்டும். கோவிலிலும் தேவாலயத்திலும் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் 105-க்கு மேல் போகும். 88 டெசிபல் பாக்ஸையும் 106 டெசிபல் கூம்பையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 18 டெசிபல். கூம்பு ஒரே ஒரு வாட்ஸில் செய்வதை உங்கள் பாக்ஸ் செய்ய 63 வாட்ஸ் வேண்டும். மண்டைக்காடு கோவில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய கூம்பு அத்தனை தூரம் கேட்பதற்கு ஆம்ப் மட்டும் காரணமில்லை.

ஒரு எச்சரிக்கை. சில ஸ்பீக்கர்களில் "2.83 வோல்ட்டில் 89 டெசிபல்" என்று போட்டிருப்பார்கள். 8 ஓம்ஸில் அது ஒரு வாட்ஸ். 4 ஓம்ஸில் அதே 2.83 வோல்ட் இரண்டு வாட்ஸ் ஆகிவிடும். எனவே 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் அந்த எண்ணில் 3-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

தூரக் கணக்கு இன்னும் முக்கியம். திறந்த முற்றத்தில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 88 என்றால் இரண்டு மீட்டரில் 82, நான்கில் 76, எட்டில் 70. அறைக்குள் சுவர் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு குறையாது. ஆனால் வாசல் தாண்டி அடுத்த அறைக்குப் போனால் இதைவிட அதிகமாகவே குறையும்.

என் ஆச்சிக்குக் காது மந்தம். சாயங்காலம் பின் வராந்தாவில் கயிற்றுக் கட்டிலில் இருந்துகொண்டு பக்திப் பாட்டுக் கேட்பார்கள். ஸ்பீக்கர் முன் ஹாலில். ஆச்சிக்குக் கேட்க வேண்டுமென்று வால்யூமைக் கூட்டினால் ஹாலில் யாரும் பேச முடியாது, பிள்ளைகள் படிக்க முடியாது. இன்னும் பெரிய ஆம்ப் போடலாமா என்று நானே யோசித்திருக்கிறேன். கடைசியில் பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய நாலு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றைப் பலகையில் அடித்து, ஆச்சி தலைமாட்டுக்கு ஒன்றரை அடி தள்ளி மாட்டினேன். அதற்குத் தனியாகத் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன ஆம்ப் போர்டு. "மக்ளே, இப்பம் நல்லா கேக்கு" என்றார்கள். ஹாலில் வால்யூம் பாதியானது. எட்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் 24 டெசிபல் லாபம். அதே 24 டெசிபலை வாட்ஸில் வாங்க வேண்டுமானால் ஏறக்குறைய 250 மடங்கு.

வீட்டில் ஸ்பீக்கர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் நல்ல காரணம் இதுதான்: ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் மெதுவாக.

பெட்டியில் 5000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே?

அது பி.எம்.பி.ஓ., கணநேர உச்சம் என்று சொல்லிப் போடுவது. எந்தப் பொது விதிக்கும் கட்டுப்படாத எண். அதை மறந்துவிட்டு ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் வாட்ஸ்) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் செட்டின் பின்பக்கம் எத்தனை வாட்ஸ் மின்சாரம் இழுக்கும் என்று எழுதியிருக்கும். 60 வாட்ஸ் இழுக்கும் செட் 60 வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து தராது. கண் இமைக்கும் நேர அடிகளுக்குக் கெபாசிட்டரில் சேர்ந்திருப்பது கைகொடுக்கும், அவ்வளவுதான். அடாப்டரில் ஓடுவதென்றால் இன்னும் எளிது: 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் 24 வாட்ஸ், அதிலும் கொஞ்சம் சூடாகிப் போகும்.

அசெம்பிள் செய்த செட் என்றால் மூடியைத் திறந்து டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 12-0-12, 3 ஆம்பியர் என்றால் 24-ஐ 3-ஆல் பெருக்கி 72 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் தரக்கூடிய அளவு). இதில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் (இடது அல்லது வலது) 12 வாட்ஸ் வாக்கில் சுத்தமாக வரும். 24-0-24, 5 ஆம்பியர் என்றால் 240 வி.ஏ., ஒரு பக்கம் 60 வாட்ஸ் வாக்கில். நம் பக்கம் எல்லோரும் கேட்டு வாங்கும் 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டைப் போட்டுவிட்டு, அதற்கு 12-0-12 டிரான்ஸ்பார்மர் கொடுத்து "200 வாட்ஸ்" என்று விற்கப்பட்ட செட்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. போர்டு எவ்வளவு பெரிதானாலும் டிரான்ஸ்பார்மர் தருவதுதான் வரும்.

இரண்டு ஸ்பீக்கர் ஓடுகிற இடத்தில் நான்கு மாட்டினால் சத்தம் கூடுமா?

எப்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இது பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம், ஆம்ப் புகைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆம்பின் ஒரு பக்கம் 8 ஓம்ஸில் 50 வாட்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 வோல்ட்.

பேரலல்: இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்தால் ஆம்புக்கு அது 4 ஓம்ஸ். வோல்ட் அதே 20, இழுக்கும் கரண்ட் இரண்டு மடங்கு, மொத்தம் 100 வாட்ஸ். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முன்பிருந்த 50 வாட்ஸ் அப்படியே கிடைக்கும். சத்தம் 3 டெசிபல் கூடும். இரண்டையும் ஒட்டி வைத்தால் பாஸ் பகுதியில் 6 டெசிபல் வரை கூடும், ஏனென்றால் நீண்ட அலைகள் இரண்டும் சேர்ந்து ஒரே தள்ளாகத் தள்ளும். எல்லாம் நல்லதுதான், ஆம்ப் 4 ஓம்ஸைத் தாங்கினால். இதே பக்கத்தில் நாலு ஸ்பீக்கரைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம்ஸ். அப்போது 200 வாட்ஸும், உச்சத்தில் 14 ஆம்பியரும் கேட்கும். வீட்டு ஆம்ப் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. நல்ல செட் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும் (புரொடெக்‌ஷன்). மற்றது டிரான்சிஸ்டரைக் கொடுத்துவிடும்.

சீரிஸ்: ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸில் கோர்த்தால் 16 ஓம்ஸ். ஆம்புக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் மொத்தம் 25 வாட்ஸ்தான், ஆளுக்குப் பன்னிரண்டரை. இரண்டு ஸ்பீக்கர் ஓடியும் முன்பு ஒன்று தந்த சத்தத்தைத் தாண்டாது. பல சமயம் குறையும். "கூடுதலா ஒண்ணு மாட்டினேன், சத்தம் குறைஞ்சு போச்சு" என்று வருகிறவர்கள் சீரிஸில் மாட்டியவர்கள்.

சீரிஸும் பேரலலும் கலந்து: நாலு ஸ்பீக்கரை இரண்டிரண்டாகச் சீரிஸில் கோர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாக இணைத்தால் திரும்பவும் 8 ஓம்ஸ். ஆம்புக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆளுக்குப் பன்னிரண்டரை வாட்ஸ், மொத்தம் 50. பரப்பி வைத்தால் சத்தம் முன்பிருந்த அளவே, ஆனால் நாலு இடத்தில். நாலையும் ஒரே இடத்தில் அடுக்கினால் பாஸ் நன்றாகக் கூடும். நாலும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். வெவ்வேறு ஸ்பீக்கரைச் சீரிஸில் கோர்த்தால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு விதமாகப் பங்கு பிரிந்து, குரல் ஒன்றில் மூக்கடைத்தது போலவும் இன்னொன்றில் கீச்சென்றும் வரும்.

ஆம்பின் முன்னால் ஏ, பி என்று இரண்டு பொத்தான் இருந்தால், இரண்டையும் அமுக்கும்போது பல செட்டுகளில் உள்ளே நடப்பது பேரலல்தான். பின்பக்கம் "இரண்டும் என்றால் 8 முதல் 16 ஓம்ஸ்" என்பது போல அச்சிட்டிருந்தால் அதை மதியுங்கள்.

ஸ்பீக்கரில் ஓம்ஸ் எழுதவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். 6 ஓம்ஸ் வாக்கில் காட்டினால் அது 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். மூன்றேகால், மூன்றரை காட்டினால் 4 ஓம்ஸ். மீட்டர் காயிலின் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கம்பியை மட்டும் அளக்கிறது, அதனால் எப்போதும் குறைத்தே காட்டும்.

ஹால், சமையலறை, மாடி, திண்ணை என்று ஆறு இடத்தில் வேண்டும். ஒரே ஆம்பில் முடியுமா?

முடியும், ஆனால் சாதாரண ஆம்பில் ஆறையும் சேர்த்து முறுக்காதீர்கள். இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, மைக் செட்காரர்கள் செய்யும் 100 வோல்ட் லைன். ஆம்பில் 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும், அதில் 2, 5, 10 வாட்ஸ் என்று தனித்தனிக் கம்பி. சமையலறைக்கு 5, திண்ணைக்கு 10, படுக்கையறைக்கு 2 என்று நீங்களே பங்கு பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பேரலலாக ஒரே லைனில் தொங்கவிட வேண்டியதுதான். ஓம்ஸ் கணக்கே வேண்டாம், வாட்ஸைக் கூட்டினால் போதும். ஆறின் கூட்டுத்தொகை 32 வாட்ஸ் என்றால் 40 வாட்ஸ் ஆம்ப் எடுங்கள். ஒயரும் மெலிதாக இருக்கலாம். அறைக்கு அறை வால்யூம் திருகு சுவரில் வைக்கலாம். குறை என்னவென்றால் பாஸ் மெலிந்துதான் வரும். டிரான்ஸ்பார்மர் இல்லாத 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைத் தவறிக்கூட அந்த லைனில் மாட்டக் கூடாது.

இன்னொன்று, எனக்குப் பிடித்த வழி: இடத்துக்கு கிளாஸ் டி என்ற வகை ஆம்பின் ஒரு சின்ன போர்டும் அதற்கென்று ஒரு அடாப்டரும். பாட்டை மட்டும் மெலிதான ஷீல்டு ஒயரில் எல்லா இடத்துக்கும் அனுப்புவது. ஒவ்வொரு இடத்திலும் தனி வால்யூம். ஒன்று பழுதானாலும் மற்றவை பாடும்.

ஆனால் இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இந்தக் கிளாஸ் டி போர்டுகளில் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது கிரவுண்ட் கிடையாது. அங்கேயும் சிக்னல் ஓடுகிறது. ஒயரை மிச்சம் பிடிக்க, இடது வலது இரண்டின் மைனஸையும் சேர்த்து மூன்று கம்பியாக இழுத்தால் போர்டு அந்த நிமிடமே போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு கம்பி தனியாக இழுங்கள்.

ஒயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 20 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்தால், போக வர 40 மீட்டர், ஏறக்குறைய 0.7 ஓம்ஸ் அதிலேயே போய்விடும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது 1.4 டெசிபல் நஷ்டம். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.6 டெசிபல்தான். ஐந்து மீட்டருக்குள் என்றால் சாதாரண ஒயரே போதும், விலை உயர்ந்த ஒயருக்குக் காசு போடாதீர்கள்.

30 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் ஆம்ப் போட்டால் எரிந்துவிடுமா?

திருகு உங்கள் கையில் இருக்கிறவரை எரியாது. ஸ்பீக்கர் உடைந்த குரலில் பேச ஆரம்பித்தால் குறைத்துவிடுங்கள். நான் பார்த்த எரிந்த ட்வீட்டர்களில் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) பாதிக்கு மேல் சின்ன ஆம்பில் எரிந்தவை.

சித்தப்பா மகன் வீட்டுப் பால்காய்ச்சு நடந்தபோது ஒரு கடையில் வாங்கிய 30 வாட்ஸ் செட்டை முற்றத்தில் வைத்தான். பந்தல் நிறைய ஆள், சத்தம் பத்தவில்லை, திருகு கடைசி வரை போயிற்று. அதற்கு மேல் ஆம்பால் கொடுக்க முடியாதபோது அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்கிறோம். முழுவதும் தட்டையான அலை, அதே உயரமுள்ள சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு வாட்ஸ் கொண்டது. கூடவே அந்த வெட்டு விளிம்புகள் கீச்சுச் சத்தமாக நேராக ட்வீட்டருக்குப் போகும். ட்வீட்டரின் காயில் தலைமுடி கனம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடும் முன் இரண்டு ட்வீட்டரும் அடங்கிவிட்டன. பிரித்துப் பார்த்தபோது காயில் கறுத்து, வார்னிஷ் கருகிய வாடை அடித்தது. அன்று வேண்டியிருந்தது பந்தலின் அந்தக் கோடியில் இன்னொரு ஆம்பும் இரண்டு பாக்ஸும்.

வால்யூமைப் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார்களே?

திருகு நிற்கும் இடத்துக்கும் வாட்ஸுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. போனிலிருந்து வரும் சிக்னல் குறைவாக இருந்தால் முக்கால் திருகிலும் ஆம்ப் சும்மா இருக்கும். டி.வி.டி. பிளேயரிலிருந்து கூடுதலாக வந்தால் பத்து மணி நிலையிலேயே கிளிப் ஆகும். காதை நம்புங்கள்.

நாலு ஸ்பீக்கர் ஓடியும் பாஸ் காணாமல் போகிறது. ஏன்?

முதலில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் இரண்டும் பாஸில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒயரின் நிறத்தை நம்ப முடியவில்லையா, ஆம்பிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஊஃபரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்று கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்புத் தாள்) வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். விரலைக் கோன் மேல் மெல்ல வைத்தால் அசைவு தெரியும். எல்லா ஸ்பீக்கரிலும் அந்த முனையில் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

அது சரியாக இருந்தும் பாஸ் இல்லையென்றால் ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே நகர்த்துங்கள். டைல்ஸ் போட்ட கான்கிரீட் ஹாலில் ஒரு மூலையில் பாஸ் குமுறும், நடுவில் வற்றிப்போகும். பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாஸ் குறைந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு. ஆம்பில் லவுட்னஸ் பொத்தான் இருப்பது அதற்காகத்தான்.

எவ்வளவு சத்தம் வரை வைக்கலாம்?

சட்டப்படி, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. வீட்டில் வைக்கும் செட்டின் சத்தம் உங்கள் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஐந்து சென்ட் மனையில் அடுத்த வீட்டு ஜன்னல் எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

காதுக்கென்றால், 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நாலு மணி நேரம், 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம். பிள்ளைகளைப் பாக்ஸுக்கு முன்னால் உட்கார விடாதீர்கள். ஒருமுறை கெட்டுப்போன உள்காதை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது, அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கடற்கரைப் பக்கம் வீடு. இரண்டு வருடத்தில் சத்தம் குறைந்துவிட்டது. ஆம்ப் போய்விட்டதா?

ஆம்பைக் கொண்டுவருவதற்கு முன் ஸ்பீக்கர் முனைகளைப் பாருங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து வரும் செட்டுகளில் கம்பியின் நுனி பச்சை பிடித்து, திருகுக்குள் பொடியாகக் கிடக்கும். உப்புக்காற்றின் வேலை. நுனியை ஒரு இஞ்ச் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, ஈயம் வைத்து முறுக்குங்கள். ஊஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரத்தில் ஊறி மாவாக உதிர்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், கோனும் காயிலும் நன்றாகவே இருக்கும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாளாவது செட்டை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும்.